லண்டனில் 30 இருக்கை உணவகத்துக்கு பீர், ஒயின் லைசென்ஸ் எடுப்பது எப்படி? மாடியில் குடியிருப்பவர் எதிர்த்தால் கிடைக்காதா?

சாப்பாட்டோடு பீரும் ஒயினும் மட்டும், கடைக்கு மேலே வீடுகள். இப்படிப்பட்ட கடை என்று வைத்தே சொல்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003 லைசென்சிங் சட்டப்படி, விண்ணப்பம் முறையாக இருந்து, 28 நாளுக்குள் செல்லுபடியாகும் ஆட்சேபம் ஒன்றும் வராவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆகவேண்டும். மறுக்க வழியில்லை. ஆகவே போலீஸுக்கும், சத்தம் பார்க்கும் சுகாதாரப் பிரிவுக்கும், மாடிக்காரருக்கும் எழுதக் காரணம் கிடைக்காதபடி விண்ணப்பத்தை அமைப்பதில்தான் உழைப்பைப் போட வேண்டும்.

அதற்கு முன், கடையின் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். மது விற்கக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தால் கவுன்சில் லைசென்ஸ் கையில் இருந்தும் பயனில்லை. பிளானிங் அனுமதியில் (கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) கடை மூடும் நேரம் குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தனி அனுமதி. லைசென்ஸில் 11 மணி என்று இருந்தாலும் பிளானிங்கில் 10 என்றால் 10தான்.

இரண்டு லைசென்ஸ் வேண்டும். ஒன்று கடைக்கு, இன்னொன்று ஒரு ஆளுக்கு. கடையின் மது விற்பனைக்குப் பொறுப்பாளராகப் பெயர் கொடுக்கப்படும் அந்த ஆளைத்தான் டி.பி.எஸ். (Designated Premises Supervisor) என்பார்கள். அவருடைய லைசென்ஸுக்கு ஒரு நாள் வகுப்பு, தேர்வு, ஒரு மாதத்துக்குள் வாங்கிய குற்றப் பின்னணிச் சான்று, 37 பவுண்ட் கட்டணம்; விண்ணப்பம் அவர் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு. இதை முதலில் முடியுங்கள். கடை லைசென்ஸ் வந்தாலும் டி.பி.எஸ். இல்லாமல் ஒரு பீர்கூட விற்க முடியாது. வேலைக்கு வைத்த மேனேஜரை டி.பி.எஸ். ஆக்கி, அவர் திடீரென்று விலகிவிட்டால் அன்றே விற்பனை நிற்கும். வீட்டில் இரண்டு பேர் இந்த லைசென்ஸ் எடுத்து வைப்பது நல்லது. பெயர் மாற்ற 23 பவுண்ட்தான், விண்ணப்பித்த உடனே அமலுக்கு வரும்படியும் கேட்கலாம்.

கடை லைசென்ஸ் கட்டணம் கட்டடத்தின் ரேட்டபிள் வேல்யூவை, அதாவது வணிக வரிக்காகக் குறித்திருக்கும் மதிப்பைப் பொறுத்தது. 4,301 முதல் 33,000 வரை என்றால் 190 பவுண்ட், ஆண்டுக்கு 180. 87,000 வரை 315, ஆண்டுக்கு 295. இதைவிட, விண்ணப்பத்தைப் பற்றிக் கொடுக்க வேண்டிய செய்தித்தாள் விளம்பரத்துக்கு அதிகம் போகலாம். ஆண்டுக் கட்டணத்தை மறந்தால் லைசென்ஸ் இடைநிறுத்தப்படும்.

விண்ணப்பத்தோடு கடையின் வரைபடமும் கொடுக்க வேண்டும்; வழக்கமாக 1:100 அளவில் கேட்பார்கள். தாளில் ஒரு சென்டிமீட்டர், கடையில் ஒரு மீட்டர். வாசல், கழிப்பறை, சமையலறை, படிகள், தீயணைப்பான் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று தானாகச் சுருக்கினால் அளவு கெட்டுவிடும். ஸ்கேல் வைத்து வாசலை அளந்து பார்த்த பிறகு அனுப்புங்கள். நடைபாதையில் மேசை போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். வரைபடத்தில் லைசென்ஸ் கேட்கும் இடத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே குடிக்கக் கொடுக்கும் பீர், சட்டத்தின் கண்ணில் 'வெளியே எடுத்துச்செல்லும்' விற்பனை. உள்ளே குடிக்க மட்டும் கேட்டிருந்தால் அது குற்றம்.

இனி நிபந்தனைகள். விண்ணப்பத்தில் நீங்களே எழுதிக்கொடுப்பவைதான் பிறகு லைசென்ஸில் ஏறும். மீறினால் வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல பெயர் வாங்கலாம் என்று அள்ளி எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. 'சிசிடிவி பதிவு 31 நாள்' என்று எழுதுவார்கள். பெட்டியோ 14 நாளில் பழையதை அழித்து மேலே எழுதும். 'கேமரா இயக்கத் தெரிந்தவர் எப்போதும் கடையில் இருப்பார்' என்பார்கள். செவ்வாய் மதியம் கடையில் இருப்பது சமையல்காரரும் பகுதிநேரப் பையனும்தான்.

உங்கள் கடைக்கு ஆட்சேபத்தைத் தணிக்கும் மிக வலுவான வரி இது: 'மேசையில் அமர்ந்து முழு உணவு சாப்பிடுபவருக்கு, அந்த உணவோடு மட்டுமே மது.' இது இருந்தால் பார் ஆகிவிடுமோ என்ற பயம் அடங்கும். 25 வயதுக்குக் கீழ் தெரிந்தால் அடையாள அட்டை, மறுத்த விற்பனைக்கு ஒரு நோட்டு, இரவு 9 மணிக்குப் பிறகு காலிப் பாட்டில்களை வெளித்தொட்டியில் கொட்டமாட்டோம் என்ற உறுதி ஆகியவற்றையும் சேருங்கள். மாடிக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது குடிப்பவரைவிட அந்தப் பாட்டில் சத்தம்தான். விற்பனையை 10.30க்கு நிறுத்தி 11க்கு மூடுவதாகக் கேளுங்கள். 11க்கு மேல் சூடான உணவு விற்கத் தனி அனுமதி கேட்க வேண்டிவரும்.

அதிகம் பேர் சறுக்குவது, விண்ணப்பித்திருப்பதை ஊருக்குச் சொல்லக் கடையில் ஒட்டும் நீல நோட்டீஸில். வெளிர்நீல ஏ4 தாள், எழுத்து 16 புள்ளிக்குக் குறையாமல், தெருவில் நின்று படிக்கும்படி, விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து தொடர்ந்து 28 நாள். கடைசித் தேதி தப்பாக இருந்தாலோ, தாள் மெனு போர்டுக்குப் பின்னால் மறைந்தாலோ கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். தினமும் தேதி தெரிய ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முதல் பத்து வேலை நாளுக்குள் உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் வரவேண்டும். வாரப் பத்திரிகைக்கு முன்கூட்டியே இடம் பிடிக்காவிட்டால் தேதி தவறும்.

ஆட்சேபம் வந்தால் லைசென்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குற்றம் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத் தொல்லை, குழந்தைகள் பாதுகாப்பு ஆகிய நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் அது செல்லும். 'வீட்டு விலை குறையும்', 'ஏற்கெனவே நாலு கடை இருக்கு' என்பதெல்லாம் எடுபடாது. செல்லுபடியான ஆட்சேபம் என்றால், எழுதியவரோடு பேசுங்கள். நேரத்தை அரை மணி குறைத்ததும் கடிதத்தைத் திரும்பப் பெறுபவர்கள் இருக்கிறார்கள். இல்லையேல் 28 நாள் முடிந்து 20 வேலை நாளுக்குள் கவுன்சிலர்கள் குழு முன் விசாரணை. அங்கேயும் மறுத்தால், முடிவு கைக்கு வந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

லைசென்ஸ் வருவதற்குள் மதுவோடு திறப்பு விழா வைக்க வேண்டும் என்றால் 21 பவுண்டில் தற்காலிக நிகழ்ச்சி நோட்டீஸ் கொடுக்கலாம், பத்து முழு வேலை நாளுக்கு முன். கொடுக்கும் நாளும் விழா நாளும் அந்தப் பத்தில் சேராது.