மூன்றாம் வகுப்புக்கு ஆர்டிஇ சீட்டா? யார் சொன்னது?

கேள்வி: பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். இருளர் பிள்ளைகளும், செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவளும் வீட்டில் தெலுங்கு கலந்து பேச ஆரம்பித்துவிட்டாள். 'இந்தக் கலப்படத்தில் படித்தால் உருப்படாது, அந்தப் பள்ளியின் ரேங்கே ரொம்பக் கீழே' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 15,000 ரூபாய் கொடுத்தால் ஆர்டிஇ-யில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்துத் தருகிறாராம். மாற்றலாமா?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அலுவலர்

அம்மா, அந்த 15,000 ரூபாயை யாரிடமும் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மூன்றாம் வகுப்புக்கு ஆர்டிஇ சீட் என்ற ஒன்றே கிடையாது. ஆர்டிஇ என்பது கல்வி உரிமைச் சட்டம். அதன்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாமல் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். நம் மாநிலத்தில் அது எல்கேஜி. எல்கேஜி இல்லாத பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நடுவில் மூன்றாம் வகுப்பில் அந்தக் கணக்கில் யாரையும் நுழைக்க முடியாது. பிறகு அவர் எப்படிச் சேர்ப்பார்? ஃபீஸ் கட்டும் பிள்ளையாகத்தான் சேர்ப்பார். உங்கள் பணத்திலேயே முதல் டெர்மைக் கட்டிவிட்டு மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அடுத்த ஜூனில் ஃபீஸ் கேட்டுப் பள்ளியிலிருந்து ஆள் வரும்போது அவர் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். இந்தக் கதையை என் மேசைக்கு முன்னால் நின்று அழுதுகொண்டே சொன்ன தாய்மார்கள் நிறையப் பேர்.

எல்கேஜி வயதுப் பிள்ளைக்குக்கூட ஏஜெண்ட் தேவையில்லை. விண்ணப்பம் ஆன்லைனில், இலவசம். இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல். குலுக்கலில் யார் பெயர் வரும் என்று எந்த ஏஜெண்டுக்கும் தெரியாது. ஆனால் அவர் பத்துப் பேரிடம் பணம் வாங்கிப் பத்துப் பேருக்கும் விண்ணப்பம் போடுவார். இரண்டு பேருக்கு விழுந்தால் 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்பார். மீதி எட்டுப் பேருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார். நேர்மையான மனுஷன், பாதியாவது கொடுத்தாரே என்று ஊரே பேசும்!

இவர்கள் பிழைப்பதற்கு அரசாங்கமும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த நிதிச் சண்டையில் ஆர்டிஇ சேர்க்கை ஏப்ரல், மே என்ற வழக்கமான நேரத்தில் நடக்காமல் அக்டோபருக்குப் போனது. பள்ளி திறந்து நாலு மாதம் கழித்து சேர்க்கை என்றால் ஏழைப் பெற்றோர் என்ன செய்வார்கள்? 'எனக்கு உள்ளே ஆள் இருக்கு' என்று எவன் சொன்னாலும் நம்பத்தான் செய்வார்கள்.

சரி, ரேங்க் விஷயத்துக்கு வருவோம். தொடக்கப் பள்ளிக்கு ரேங்க் கொடுத்தது யார் என்று அவரிடமே கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை பொதுத்தேர்வு கிடையாது. 2021 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் மத்திய அரசு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடத்தியது. சில பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கணக்கெடுப்பு அது. அதில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நம்பரும் இருக்காது. 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பள்ளி வேன் முதுகில் எழுதியிருப்பதும் அப்படித்தான். தானே கேள்வி கேட்டு, தானே மார்க் போட்டு, தானே பேனர் வைத்துக்கொள்வது.

இன்னொன்று. அந்தத் தனியார் பள்ளிகளில் பல, சேர்க்கும்போதே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இன்டர்வியூ வைக்கின்றன. இது சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய், அடுத்தடுத்த தடவைக்கு 50,000 வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைகளாகப் பார்த்து உள்ளே எடுத்துவிட்டு, பிறகு மார்க் நன்றாக வருகிறது என்பது புடைத்த அரிசியைக் காட்டி 'என் வயலில் நொய்யே விழாது' என்று சொல்வது போல. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் வந்து நிற்கும் எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில் நியாயமே இல்லை.

தெலுங்கு கலக்கிறது என்ற கவலை உங்களுக்கு வரலாமா அம்மா? திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. உங்கள் தறிக்கூடத்திலும் சந்தையிலும் இரண்டு பாஷையும்தானே ஓடுகிறது? எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்காருபவளின் பாஷையைப் பிடித்துக்கொள்வதால் தமிழ் குறைந்துபோகாது. மூன்றாம் வகுப்பு ஒன்றில் பார்த்தேன்: புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு ஒரு பையன் 'ஏடு, எனிமிதி, தொம்மிதி' என்று தெலுங்கில் எண்ணி, சிலேட்டில் சரியான விடையை எழுதி, 'இருபத்தஞ்சு சார்' என்று தமிழில் சொன்னான். அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது. எந்தப் பாஷையில் எண்ணினான் என்பது நமக்கு எதற்கு?

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. இன்றைக்கு ராத்திரி சாப்பாடானதும் அவளுடைய பழைய இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுங்கள். வகுப்பில் அதிகம் நடத்தாத பக்கமாக ஒன்றைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். படத்தை ஏன் மறைக்க வேண்டும் என்றால், பிள்ளைகள் படத்தைப் பார்த்ததும் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நாம் வாசிக்கிறாள் என்று ஏமாந்துபோவோம். வாசித்து முடித்ததும் 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள். தெலுங்கில் பதில் சொன்னாலும் சரி. அப்புறம் 52-இல் 27 போனால் எத்தனை என்று எழுதிப் போடச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கிறாளா பாருங்கள். ழ, ள குழப்பத்தை விட்டுவிடுங்கள், அது நம் பகுதியில் பெரியவர்களுக்கே உண்டு. எழுத்தெழுத்தாகக் கூட்டித் தடுமாறுகிறாள், கதையும் புரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான்.

அப்படியானால் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், நிற்பது யார் என்று பாருங்கள். 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. 61 முதல் 90 வரை மூன்று பேர். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போவார், அல்லது வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போவார், அல்லது எமிஸ் என்ற கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில் செல்போன் வழியாக விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார். கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் தவிர என்று அதே வரியில் கதவையும் திறந்துவைத்திருக்கிறது. மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் சேர்த்து உட்காரவைக்கிறார். சூளைக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாததால் உங்கள் மகள் பின்தங்கவில்லை. இரண்டாவது ஆசிரியர் வகுப்பில் இல்லாததால்தான் இருவருமே பின்தங்குகிறார்கள்.

2022-இல் நம் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கத்தில், எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பயிற்சி தருவது. கலந்த வகுப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த யோசனை, நான் குறை சொல்ல மாட்டேன். மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள், சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்னும் அரும்பிலேயே இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி மீடியம் மாற்றுவது பற்றி. இதைச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஆக, இப்போது மாற்றினாலும் ஆறாம் வகுப்பில் திரும்ப வந்துவிட்டால் அந்தச் சலுகை போகாது. ஏஜெண்டுகளுக்கு இந்த வரி மட்டும் நன்றாகத் தெரியும். 'ஆர்டிஇ-யில் படித்தாலும் 7.5 உண்டு' என்றும் சொல்வார்கள். உண்மைதான்; எட்டாம் வகுப்பு வரை ஆர்டிஇ இடத்தில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு அரசுப் பள்ளியில் முடித்தவருக்கு உண்டு. ஆனால் உங்கள் மகள் ஆர்டிஇ பிள்ளையாகவே இருக்கப் போவதில்லை என்று மேலே பார்த்தோமே.

அவர்கள் சொல்லாமல் விடுவது அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவருக்கான 20 சதவீத முன்னுரிமை. 2010-இல் வந்தபோது பட்டத்தைத் தமிழ் வழியில் முடித்தாலே போதும் என்று இருந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கு. பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் வேலைக்கு ஒன்று முதல் பத்து வரை, பட்டம் கேட்கும் வேலைக்கு ஒன்று முதல் பட்டம் வரை, எல்லாம் தமிழ் வழியாக இருக்க வேண்டும். நடுவில் மூன்றாம் வகுப்பு ஒரு வருடம் இங்கிலீஷ் மீடியம் என்றாலும் போச்சு. இந்த முன்னுரிமையை இழக்கத் தனியார் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2012-க்கு அப்புறம் ஒன்றியப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். ஒரே அறையில், ஒரே டீச்சரிடம், இரண்டு மீடியமும் உட்கார்ந்திருக்கும். பிள்ளை தமிழிலேயே படித்துக்கொண்டிருப்பாள், பதிவில் ஆங்கில வழி என்றிருக்கும். மாற்றுச் சான்றிதழில் பயிற்று மொழி என்று ஒரு கட்டம் வரும். இருபது வருடம் கழித்து வேலைக்குப் போகும்போது அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். தலைமையாசிரியரிடம் போய் எமிஸ் பதிவில் மகளுக்குத் 'தமிழ் வழி' என்று இருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். அரசு வேலையே வேண்டாம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

அவர் அடுத்தது 'டிசி-யை மட்டும் வாங்கிக் கொடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்' என்பார். அங்கேதான் ஜாக்கிரதை. டிசி கொடுத்ததும் எமிஸில் பிள்ளையின் பெயர் இந்தப் பள்ளியை விட்டு, எந்தப் பள்ளியிலும் சேராத பிள்ளைகளின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்குப் போய்விடும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டால்தான் அவள் ஒரு பள்ளியின் பிள்ளை. பேரம் முடியாமல் அவர் இழுத்தடித்தால், உங்கள் மகள் எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளையாக மாதக்கணக்கில் தொங்குவாள். புத்தகமும் சீருடையும் காலை உணவும் இந்தப் பள்ளியில் அதுவரை கிடைத்துக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் உறைக்கும். சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் எதையும் கையை விட்டு விடாதீர்கள். நாளைக்கு நீங்களாகவே வேறு அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைத்தால் டிசி-யைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். டிசி தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. இதற்கும் ஏஜெண்ட் வேண்டாம்.

ஆகவே மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்குப் பதிலாக, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. நம் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர்? அவர்களில் யாராவது டெபுடேஷனில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குப் பல ஊர்களில் 'ஆமாம்' என்று பதில் வரும், கூடவே சங்கடமாக ஒரு சிரிப்பும். போனவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னால் என்னைப் போன்ற அதிகாரிகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அசையவில்லை என்றால் கிராம சபையில் அதே தீர்மானத்தைப் போடுங்கள். சூளைப் பிள்ளைகளின் பெற்றோரையும் இருளர் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆசிரியர் இல்லை என்பது அவர்களுக்கும் அதே பிரச்சினைதான்.

ஒருவேளை அவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? ஜிபே-யில் அனுப்பியிருந்தால் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, 'மூன்றாம் வகுப்புக்கு ஆர்டிஇ இல்லையாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். கல்வித் துறை உதவி எண் 14417-க்குப் போன் போட்டு, பள்ளியின் பெயரையும் அவர் பெயரையும் சொல்லுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்தபோது பக்கத்தில் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.