தொட்டி நிரம்பும் முன்பே நிரப்பும் வாய் வழியாக நீர் திரும்பி வருதல்

தொட்டியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; முதலில், தண்ணீர் ஏறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் அதன் காற்றுக்குழாயைப் பாருங்கள். கேம்பர் வேனின் (தங்கும் வசதியுள்ள பயண வண்டியின்) 70 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் பாதிகூட ஏறாத நிலையில், நிரப்பும் வாய் வழியாகத் தண்ணீர் கொப்பளித்துத் திரும்புகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி நிற்பதையே காட்டுகிறது.

அந்த மெல்லிய குழாய் எங்காவது மடங்கியிருக்கலாம். இல்லையேல் நடுவில் தொய்ந்து, தொய்வில் தங்கிய தண்ணீரே அடைப்பாகியிருக்கலாம். நான் இதைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன். வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு.

1. தொட்டியின் மேற்புறத்தில் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு மெதுவாக நிரப்புங்கள். தண்ணீர் தடையின்றி இறங்கினால் பழுது அந்தக் குழாயில்தான். அடைப்பை நீக்கி, எங்கும் தொய்யாமல் மேல்நோக்கியே செல்லும்படி அதைக் கட்டிவிடுங்கள்.

2. அப்போதும் திரும்பி வந்தால், நிரப்பும் குழாயே தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய் கழன்றிருக்கும்போது தொட்டி நிறைந்தால் தண்ணீர் வண்டிக்குள்தான் வழியும் என்பதால், முக்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிரப்பும் வாயில் ஹோஸை இறுக்கமாகச் செருகி அழுத்தத்தில் ஏற்றவும் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி உப்பி, இணைப்புகள் கசியத் தொடங்கும்.