விவாகரத்துத் தீர்ப்பில் வீட்டுக் கடன் என் முன்னாள் கணவர் பொறுப்பு. அவர் கட்டாமல் என் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) 612-க்கு இறங்கிவிட்டது. எப்படி மீட்பது?

நீங்கள் கேட்டதன் சுருக்கம்: பரஸ்பர சம்மத விவாகரத்து முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இருவர் பெயரிலும் வாங்கிய ஃபிளாட் அவருக்கு, கடனையும் அவரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். பாக்கி 18 லட்சம், தவணை 19,100 ரூபாய், இன்னும் 13 ஆண்டு. அவர் இரண்டு தவணை கட்டவில்லை. உங்கள் கிரெடிட் கார்டில் 80,000 நிற்கிறது. உங்கள் நகை 9 பவுன் அவர் பெயரில் அடகில் இருக்கிறது.

முதலில் கசப்பான விஷயம். குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும். வங்கி அந்த வழக்கில் தரப்பே கிடையாது. கடன் ஒப்பந்தத்தில் கோ-அப்ளிகன்ட் (இணைக் கடன்தாரர்) என்று நீங்கள் போட்ட கையெழுத்து அப்படியே உயிரோடு இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "என் பாதியை மட்டும் கட்டிவிடுகிறேன்" என்பதெல்லாம் செல்லாது. பாதித் தவணை கட்டினாலும் கணக்கில் அது நிலுவைதான்.

ஆகவே ஸ்கோரைத் தூக்குவதற்கு முன்னால், கையெழுத்தைக் கழற்றும் வேலை இருக்கிறது. இதைச் செய்யாமல் புது கார்டு வாங்கி ஸ்கோர் ஏற்றப் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இந்த வாரமே செய்ய வேண்டியது, முழு கிரெடிட் ரிப்போர்ட்டை எடுப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஆப்களில் பளபளவென்று வரும் ஸ்கோர் எண் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பக்கங்கள்தான் முக்கியம். ஒவ்வொரு கடனுக்கும் உரிமை என்ற இடத்தில் தனி, கூட்டு, ஜாமீன்தாரர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். நீங்கள் மறந்தே போன ஜாமீன் கையெழுத்துகள் இங்கேதான் வெளிவரும், பைக் லோன் உட்பட. அதன் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், 36 மாதம் வரை. 000 என்றால் நாள் தவறாமல் கட்டியது. 030 என்றால் 30 நாள் பாக்கி. எக்ஸ் எழுத்து மூன்று இருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இனிஷியல். பழைய கல்விக் கடனில் அப்பா இனிஷியல், வீட்டுக் கடனில் கணவர் இனிஷியல், பேன் கார்டில் வேறு மாதிரி. இப்படி இருந்தால் ஒருவருக்கே இரண்டு மூன்று கோப்புகள் உருவாகிவிடும், அல்லது வேறொருவர் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். பேன் எண் மாறாது. அதில் இருக்கும் பெயரையே எல்லா வங்கியிலும் ஆதாரத்தோடு ஒரே மாதிரி ஆக்குங்கள். தவறு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபம்) போடலாம், கட்டணம் இல்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. ஆனால் உங்கள் வீட்டுக் கடன் நிலுவை உண்மையானது. "தீர்ப்பின்படி அது என் கடன் இல்லை" என்று டிஸ்ப்யூட் போட்டால் வங்கி ஒரே வரியில் நிராகரிக்கும்.

கையோடு இன்னொன்று. வங்கியில் அந்தக் கடனுக்குப் பதிவாகியிருக்கும் மொபைல் எண் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். தவணை தவறிய எஸ்எம்எஸ் அவருக்குப் போகும், ஸ்கோர் இறங்கிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். கிளைக்கு நேரில் போய் உங்கள் எண், மின்னஞ்சல், புது முகவரி மூன்றையும் கோ-அப்ளிகன்ட் விவரத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டு தவணை. 38,200 ரூபாய். மனசு ஒப்பாது, ஆனால் கையில் இருந்தால் நீங்களே கட்டிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணம் இதுதான்: வங்கிக்கு வரும் பணம் மிகப் பழைய பாக்கிக்கே முதலில் போகும். இரண்டு தவணை பின்தங்கிய ஒருவர் இனி மாதாமாதம் ஒழுங்காக ஒரு தவணை கட்டினாலும், அந்த இரண்டு தவணை இடைவெளி அப்படியே நிற்கும். ஒவ்வொரு மாதமும் உங்கள் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு நிலுவைக் குறி விழும். மொத்தப் பாக்கியும் தீர்ந்தால்தான் 000 வரும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதுவும் இருவர் பெயருக்கும். அபராதமாக ஏதாவது சேர்த்திருந்தால் அது வட்டி விகிதத்தோடு கூட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தவறிய தவணைக்குத் தனிக் கட்டணம்தான் போடலாம், அபராத வட்டி போடக்கூடாது.

கட்டும்போது ரொக்கமாகக் கட்டாதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கடன் கணக்குக்கு நேரடியாக அனுப்பி, குறிப்பில் மாதத்தைப் போடுங்கள். அந்த ஸ்டேட்மென்ட்தான் அவர் மீது நீங்கள் போடப்போகும் நிறைவேற்று மனுவுக்கு ஆதாரம். சம்மத விவாகரத்து ஒப்பந்தம் தீர்ப்பின் பகுதியாக இணைக்கப்பட்டிருந்தால், அதை மற்ற சிவில் தீர்ப்பு போலவே அதே குடும்பநல நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். முதலில் வக்கீல் நோட்டீஸ். பல இடங்களில் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும்.

சரி, வெளியே வருவது எப்படி? "என் பெயரை நீக்குங்கள்" என்று வங்கிக்கு எழுதினால் மட்டும் நடக்காது. ஒருவர் சம்பளம் கணக்கிலிருந்து விலகும்போது கடனை மறுபடி முதலிலிருந்து மதிப்பிடுவார்கள். உதாரணக் கணக்கு: அவர் கைக்கு வரும் சம்பளம் 42,000 என்று வைப்போம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது வங்கிகளின் பொதுவான அளவுகோல். வீட்டுத் தவணை 19,100, வேறொரு கடன் தவணை 4,000, மொத்தம் 23,100. அதாவது 55 சதவீதம். நிராகரிப்பு. அதே 18 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 15,620 ஆகிறது. 4,000-ஐச் சேர்த்தாலும் 47 சதவீதம், நுழைந்துவிடலாம். மொத்தத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும் என்பது உண்மைதான், ஆனால் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். அதுவும் போதவில்லை என்றால் அவர் தன் அப்பாவையோ அண்ணனையோ புதுக் கோ-அப்ளிகன்டாகக் கொண்டுவர வேண்டும். "பேங்க்ல முடியாதுன்னுட்டாங்க" என்று அவர் சொன்னால், எந்தக் கணக்கில் முடியாது என்றார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தாலும் கடந்த 12 மாதக் கட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாக்கியை முதலில் அடைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதுவும் ஒத்துவராவிட்டால் விற்பனைதான். வாங்குபவர் வங்கிக் கடனை நேராக அடைத்து, மீதி உங்கள் ஒப்பந்தப்படி.

இங்கே பலரும் கவிழ்கிற இடம் ஒன்று. அவர் தரப்பில் "முதலில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு, கடனை அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் வீட்டில் உங்கள் பங்கு போய்விடும், கடனில் உங்கள் கையெழுத்து இருக்கும். சொத்து இல்லாத கடன். புதுக் கடனின் அனுமதிக் கடிதமும், பழைய கடனிலிருந்து உங்களை விடுவிக்கும் வங்கிக் கடிதமும் வருவதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகப் பக்கமே போகாதீர்கள். பழைய கடன் முழுதாக முடிந்தால் 30 நாளில் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும். அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் சுத்தமாக வரும்.

(தீர்ப்பு இன்னும் வராதவர்கள் யாராவது இதைப் படித்தால்: தமிழ்நாட்டில் கணவன் மனைவி உள்ளிட்ட குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. கடன் மாற்றத்தை முடித்துவிட்டு, பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிவது லாபம்.)

நகை விஷயத்தில் அவசரம் அதிகம். அடகு வைத்தவரிடம்தான் திருப்பித் தருவார்கள், ஏல நோட்டீஸும் அவர் முகவரிக்குத்தான் போகும். கிளை, கடன் எண், கெடு தேதி மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நகைக் கடன் பெரும்பாலும் 12 மாதம். "இவை என் ஸ்ரீதன நகைகள் (எனக்கே சொந்தமானவை), உரிமை விவகாரம் உள்ளது" என்று பில், கல்யாணப் புகைப்பட நகலோடு கிளை மேலாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் தடை கேளுங்கள். கடிதம் மட்டும் ஏலத்தை நிறுத்தாது. கெடு நெருங்கினால் வட்டியை மட்டுமாவது கட்டி ஏலத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கிளையில் பேசிப்பாருங்கள்.

அடுத்து கார்டு. 80,000-க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 2,800. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504. 'மினிமம் டியூ' (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) 5 சதவீதம், 4,000. நீங்கள் 4,000 கட்டினால் அசலில் குறைவது 696 ரூபாய். அதுவும் அந்த மாதம் கார்டைத் தொடாமல் இருந்தால். இதில் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. அதே வங்கியிடம் பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள், அல்லது அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தால் அதை வாங்கி இதை அடையுங்கள். 'செட்டில்மென்ட்' என்று பாதிக்கு முடித்துத் தருகிறோம் என்பார்கள். கையில் வேறு வழியே இல்லாவிட்டால் தவிர வேண்டாம்: ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும், அடுத்த வங்கி அதை 'முழுசாகக் கட்டாதவர்' என்றே படிக்கும். ஏற்கெனவே அப்படி முடித்திருந்தால், விட்ட மீதியைக் கட்டி நோ டியூ (பாக்கி இல்லை) சான்று வாங்கி மாற்றக் கேட்கலாம்.

அவருக்கு நீங்கள் எடுத்துக்கொடுத்த ஆட்-ஆன் கார்டு இருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள். அதில் தேய்ப்பது அவர், கட்ட வேண்டியது நீங்கள். பழைய பிரதான கார்டை மட்டும் மூடாதீர்கள். அதன் வயது உங்களுக்குச் சாதகம்.

ஸ்கோர் ஏற்றம் இதற்குப் பிறகுதான். வங்கியில் 25,000 ரூபாய் வைப்பு நிதி போட்டு அதன் பேரில் ஒரு கார்டு வாங்குங்கள். ஸ்கோர் குறைவு என்று பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 20,000 வரம்பு கிடைத்தால் மாதம் 6,000-க்கு மேல் போகாதீர்கள். மளிகை, கரண்ட் பில் போதும். கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் முழுத் தொகையும் கட்டுங்கள். வங்கிகள் இப்போது மாதம் இரு முறையாவது தகவல் அனுப்புவதால் ஒன்றிரண்டு மாதத்திலேயே அசைவு தெரியும். ஆனால் 612-லிருந்து 700-ஐத் தாண்ட ஓராண்டாவது ஒழுங்காகப் போக வேண்டும். 750 அதற்கும் பிறகு. 'அப்ரூவ்டு' என்று வரும் லோன் ஆப்களில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணைப் பதிவாக ஏறும், அது ஸ்கோருக்கு நல்லதல்ல. "ஐயாயிரம் கொடுங்க, சிபில் ஏத்தித் தர்றோம்" என்பவர்கள் செய்வது நீங்களே இலவசமாகப் போடக்கூடிய அந்த டிஸ்ப்யூட்தான், சில சமயம் அதுகூட இல்லை.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்கள் மீதான புகாரும் இப்போது அங்கேயே போகலாம், விவரத்துக்கு 14448.

நான்கு இலவச ரிப்போர்ட்டையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். இப்போது சிபில், மூன்று மாதம் கழித்து எக்ஸ்பீரியன், பிறகு ஈக்விஃபாக்ஸ், கடைசியில் கிரிஃப். வீட்டுக் கடனில் உங்கள் பெயர் நீங்கியது எல்லாவற்றிலும் ஏறிவிட்டதா என்று செலவில்லாமல் ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.