ஜாவா பட்டை சுருங்குகிறது என்று கவலைப்படும் ஒரு அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் மகன் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், வகுப்பில் ஜாவா என்ற புரோகிராமிங் மொழி நடக்கிறது. எந்த மொழி எவ்வளவு பிரபலம் என்று பட்டைகளால் காட்டி வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் ஜாவாவின் பட்டை வருடத்துக்கு வருடம் சுருங்குவதையும் பைதான் பட்டை நீண்டு மேலே ஏறுவதையும் பார்த்துவிட்டு, 45,000 ரூபாய் கட்டிப் பைதான் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவேன் என்ற வரியைப் படித்ததும், பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. கட்ட வேண்டாம், ஐயா. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பட்டைகள் எதை எண்ணிப் போட்டவை என்று முதலில் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, நெதர்லாந்தில் டியோபி என்ற நிறுவனம் 2001 முதல் மாதாமாதம் ஒரு தரவரிசை வெளியிடுகிறது. மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்று சேர்த்துத் தேடினால் தேடுபொறிகளில் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்பதுதான் அதன் கணக்கு. எத்தனை வேலை காலியாக இருக்கிறது என்று அது எண்ணுவதில்லை.

2004 ஏப்ரலில், குறுக்கு வழியில் மேலே ஏறியிருந்த தளங்களைக் கூகுள் களையெடுத்தது. உடனே டியோபி வரைபடத்தில் ஜாவாவும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் சரிந்தன. ஜாவா எழுதிக்கொண்டிருந்தவர்கள் மறுநாளும் அதே ஜாவாவைத்தான் எழுதினார்கள், மாறியது தேடுபொறி. இப்படி ஆடக்கூடாது என்று டியோபி பிறகு யாஹூ, எம்.எஸ்.என் தேடல்களையும் சேர்த்துக்கொண்டது. இன்னொன்று, அங்கே தருவது சதவீதப் பங்கு. பைதானின் பங்கு கூடினால், ஜாவாவைப் பற்றி ஒரு பக்கம்கூடக் குறையாமலே ஜாவாவின் பட்டை சுருங்கும்.

பி.ஒய்.பி.எல் என்று வேறொரு பட்டியல் உண்டு. கூகுளில் எந்த மொழிக்கு 'டுடோரியல்' தேடுகிறார்கள் என்று அது பார்க்கிறது. பத்து வருடமாக வங்கி சாஃப்ட்வேரில் ஜாவா எழுதுகிறவர் ஜாவா டுடோரியல் தேடுவாரா? தேடுவது புதிதாகப் படிக்கிறவர்கள். நம் ஸ்டேட் போர்டு பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்திலேயே பைதான் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின இரவு ஒரு பிள்ளை 'பைதான் டுடோரியல்' என்று தட்டினால் அதுவும் அங்கே ஒரு ஓட்டு. உங்கள் மகன் அந்தப் பாடம் எடுத்திருந்தால் பைதானை ஏற்கெனவே தொட்டிருப்பான். கேட்டுப் பாருங்கள்.

புரோகிராமர்கள் தாங்கள் எழுதுவதைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பின் 2024 அறிக்கையில் பைதான் முதலிடம். புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதே வருடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் முதலிடம். (பெயர்தான் ஒன்றுபோல, ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு.) இரண்டும் பொய் இல்லை. ஒன்று கிட்ஹப்பில் நடக்கும் வேலையைப் பார்த்தது, மற்றது ஆட்களைக் கேட்டது.

வேலைக்காகப் பார்ப்பவருக்கு பொறியாளர்கள் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ நடத்தும் ஸ்பெக்ட்ரம் இதழின் பட்டியல் கொஞ்சம் உதவும். வேலை விளம்பரங்களுக்கென்று அதில் தனி வரிசை இருக்கிறது. 2022, 2023 இரண்டு வருடமும் பொதுவரிசையில் பைதான் முதலில் வந்தது; வேலை வரிசையில் முதலில் வந்தது எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி அது. ஜாவா ஆளாக இருந்தாலும் பைதான் ஆளாக இருந்தாலும் அது தெரியுமா என்று கேட்பார்கள். தம்பியை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பைதானின் வளர்ச்சி உண்மையானதுதான். டேட்டா, ஏ.ஐ வேலைகளில் அதுவே முதல் மொழி. மகனுக்கு அந்தப் பக்கம் ஆசை இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். அதற்கு அடகுக் கடை எதற்கு? சென்னை கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்தின் பைதான் பாடங்கள் என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

போன வருடம் என் மேஜைக்கு எதிரே ஒரு மாணவி நான்கு மொழிகளுக்குச் சான்றிதழ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து எண்கள் கொடுத்து, இரண்டு முறை வரும் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னேன். பேப்பரில் பேனா நகரவில்லை. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. கேம்பஸ் தேர்வுகள் பலவற்றில் சி, ஜாவா, பைதான் எதிலும் விடை எழுதலாம். எதிலாவது ஒன்றில் கை ஓட வேண்டும். இதே கணக்கை இன்று இரவு மகனிடம் ஜாவாவில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடித்தால் ஜாவாவை விடவே வேண்டாம். திணறினால் பைதானிலும் இதே இடத்தில்தான் திணறுவான். சிக்கல் மொழியில் இல்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, வேலை விளம்பரத் தளமான நௌக்ரியில் சென்னை, கோவை என்று போட்டு, புதியவர்களைக் கேட்கும் 30 விளம்பரங்களைப் படியுங்கள். எந்த மொழி கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதே நோட்டில் மறுபடியும். உங்கள் மகன் விண்ணப்பிக்கப் போகும் வேலைகளை எண்ணும் பட்டியல் அது ஒன்றுதான். பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

கோர்ஸுக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், திருப்பித் தருவார்களா என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.