டூசான் நகரில் ஸ்பானியக் கோட்டைக்கு அடியிலேயே பழங்குடி வீடு கிடைத்தது எப்படி?

காரணம் தண்ணீர். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் சாண்டா குரூஸ் ஆற்றங்கரையை விட்டால் பிழைக்க வேறு வழி குறைவு. அதனால் யார் வந்தாலும் அதே இடத்தில்தான் குடியேறினார்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறார்கள். ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பழைய வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிக் காப்பாற்றிவிட்டது.

ஸ்பானியர்கள் 1775இல் கோட்டைக்கு இடம் தேர்ந்தார்கள். 1954இல் தோண்டியபோது, அதன் சுவருக்குக் கீழே தரையில் பள்ளம் வெட்டிக் கட்டிய ஒரு பழங்குடி வீடு தெரிந்தது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. கோட்டைச் சுவர் வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல். சுற்றிலும் இருப்பதும் அதே மண். கொத்தனார் கரண்டியால் மெதுவாகச் சுரண்டி, மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறும் எல்லையைத்தான் தேட வேண்டும். மரத்தூண் மக்கிப்போன இடம் கருத்த வட்டமாகத் தெரியும். அடுப்புக் குழியில் கரி கிடைத்தால் கார்பன் முறையில் காலம் கணிக்கலாம்.

பெரிய தலைவலி 19ஆம் நூற்றாண்டுக் கழிப்பறைக் குழிகள். எல்லா மண் அடுக்கையும் துளைத்துக்கொண்டு இறங்கும். ஆனால் உடைந்த பாட்டில், பீங்கான், எலும்பு என்று அன்றாட வாழ்க்கையை நெருக்கமாகச் சொல்வதும் அவைதான். என்னைக் கேட்டால், கோட்டைச் சுவரைவிட அவையே பெரிய புதையல்.