மூடியுள்ள சிறிய ஸ்டோன்வேர் பாத்திரத்தை ஓவனில் நன்றாகப் பயன்படுத்துவது எப்படி?

ஸ்டோன்வேர் என்பது சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுத்த களிமண். அந்தச் சூட்டில் மண் துகள்கள் உருகி இறுகிவிடுவதால் இது நீரை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. மெதுவாகச் சூடேறும், எளிதில் ஆறாது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த கருங்கல் பொழுது சாய்ந்த பின்னும் காலைச் சுடுகிறதே, அதே குணம்தான். ஆகவே காய்கறிகளைப் பாத்திரத்தோடு சில நிமிடங்கள் முன்பே ஓவனிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். மிச்சத்தைப் பாத்திரத்தின் சூடே பார்த்துக்கொள்ளும்.

மூடியின் வேலை ஆவியைப் பிடித்துவைப்பது. அதன் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் நீர் மீண்டும் உணவின் மேலேயே சொட்டும். முக்கால் பங்காவது நிரப்புங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: வெற்றிடம் குறைந்தால் உணவு வறளாது. மேற்புறம் சிவக்க வேண்டுமா? கடைசிப் பத்து நிமிடம் மூடியை எடுத்துவிடுங்கள். ஆவி சூழ்ந்திருக்கும் வரை எதுவும் சரியாகச் சிவக்காது.

குளிர்ந்த பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனில் வைக்க வேண்டாம். சூடான பாத்திரத்தை ஈர மேடையிலும் வைக்காதீர்கள்.

ஓவன் சூட்டையே தாங்குவது அடுப்புத் தீயையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தாங்காது: ஓவன் நாலாபக்கமும் சூடாக்குகிறது, தீயோ அடியில் ஓரிடத்தை மட்டும் விரியச் செய்து விரிசல் விடவைக்கிறது.