குழந்தைக்கு டாக்டர் தேடும்போது முதலில் எடை மெஷினைப் பாருங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் குழந்தை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடமே காட்டுவதா, வீட்டுப் பக்கத்து கிளினிக் போதுமா? எதை வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பது?

நான் திருநகர். என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அவள் பிறப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. பிரசவம் ஆன பிறகு, அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன ஒரு டாக்டரிடமே போய்க்கொண்டிருந்தோம். வாசலில் எப்போதும் கூட்டம். இத்தனை பேர் வந்தால் நல்ல டாக்டராகத்தான் இருப்பார் என்று நினைத்தோம். ஏழாம் மாதம் நடந்தது ஒன்று. அதைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

ராத்திரி எட்டரை மணி, 102 டிகிரி காய்ச்சல். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். இரண்டு நிமிடத்தில் சீட்டு கையில் வந்துவிட்டது. "பாராசிட்டமால், 4 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை." குழந்தையை எடை போடவில்லை. மருந்து எத்தனை பவர் என்று சீட்டில் இல்லை. மெடிக்கலில் கைக்குழந்தை என்றதும் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். மூடியிலேயே ஃபில்லர் வைத்த சின்ன பாட்டில், மொத்தம் 15 மி.லி.

வீட்டுக்கு வந்து, ஃபில்லரில் ஒவ்வொரு மில்லியாக எடுத்துப் பாலாடையில் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மில்லியில் அத்தை கையைப் பிடித்தார்கள். "ஏம்மா, இத்தனூண்டு பாட்டில்ல வேளைக்கு நாலு மில்லின்னா நாளைக்குள்ள காலியாயிருமே. என்ன போட்டிருக்குன்னு நல்லாப் பாரு." டியூப்லைட்டுக்கு அடியில் போய் லேபிளைப் படித்தேன். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். பக்கத்துத் தெருவில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எத்தனை கிலோ?" ஏழு கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, அப்போது ஒரு வேளைக்கு நூற்றுச் சொச்சம். சொட்டு மருந்தாக இருந்தால் ஒரு மில்லி. 5 மில்லிக்கு 125 என்று வரும் சிரப்பாக இருந்தால்தான் நாலு மில்லி. டாக்டர் சிரப்பை நினைத்து எழுதியிருக்கிறார், கடையில் சொட்டு மருந்து வந்துவிட்டது. கிட்டத்தட்ட நாலு மடங்கு மருந்தைப் பிள்ளைக்கு ஊற்ற இருந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

கிளினிக் நம்பருக்கு அன்று ராத்திரி ஐந்து தடவை அடித்தோம். எடுக்க ஆளில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தேடிப் போன டாக்டரம்மா ஒரு சந்துக்குள் கிளினிக் வைத்திருக்கிறார். ஏசி கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அங்கே இருக்கும் சிஸ்டர் குழந்தையின் சட்டையைக் கழற்றி மெஷினில் படுக்கவைத்தார். 7.2 கிலோ. அது சீட்டின் தலைப்பில் ஏறிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். மருந்து எழுதும்போது பெயருக்குப் பக்கத்திலேயே 125/5 என்று பவரையும் எழுதினார். எல்லாமே பெரிய எழுத்தில், யாரும் படிக்கிற மாதிரி. அப்புறம் மேஜை டிராயரிலிருந்து ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து, நாலு மில்லிக்கு நேராக நீலப் பேனாவால் கோடு போட்டு என் கையில் கொடுத்தார். "இந்தக் கோட்டுக்கு மேல போகக்கூடாது. எடை கூடினா நானே மாத்திப் போட்டுத் தாரேன்." எனக்கு டாக்டர் கிடைத்துவிட்டார் என்று அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

அதனால் உங்களுக்கு என் முதல் பதில் இதுதான்: எடை போடாமல் மருந்து எழுதுகிறவரிடம் குழந்தையைக் காட்டாதீர்கள். குழந்தை மருத்துவத்தில் மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். கணக்கை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சீட்டில் எழுதுகிறவராக அவர் இருக்க வேண்டும்.

அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று, மருந்து தேவையில்லை என்று சொல்லத் தெரிந்தவரா என்பது. பதினோராம் மாதம் என் மகளுக்குப் பேதி. ஒரு நாளில் எட்டுத் தடவை. ஊசி போடுவார், டானிக் எழுதுவார் என்று போனோம். அந்த அம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனாள் என்று கேட்டார். ஓஆர்எஸ் பாக்கெட்டும் துத்தநாக மருந்தும் மட்டும் எழுதினார். அந்த ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கொட்ட வேண்டும், பாதி பாக்கெட் அரை டம்ளர் என்று நாமாகக் கலக்கக் கூடாது, 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று அவரே சொன்னார். பேதி நின்றாலும் துத்தநாகம் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை, "ஒரு ஊசி கூடப் போடலையே" என்றார்கள். டாக்டர் கோபப்படவில்லை. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: "அழுதா கண்ணீர் வரலை, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, கண்ணு உள்ள போயிருக்கு, மலத்துல ரத்தம், குடிச்சதெல்லாம் வாந்தி, இல்லன்னா எழுப்பினாலும் முழிக்காம துவண்டு கிடக்குது. இதுல எது ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பார்க்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க." மூன்றாம் நாள் பேதி குறைந்தது. அத்தை இன்றைக்கும் அந்தப் பட்டியலை அப்படியே ஒப்பிப்பார்கள்.

எப்போது பயப்படக் கூடாது, எப்போது கட்டாயம் பயப்பட வேண்டும் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற டாக்டர்தான் குழந்தைக்கு வேண்டும். உங்களுக்குப் பிறக்கப் போவது பச்சைக்குழந்தை என்பதால் ஒன்றை இப்போதே சொல்கிறேன்: மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே காட்ட வேண்டும்.

சளி, இருமல் விஷயத்திலும் அந்த அம்மா இப்படித்தான். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து கொடுத்தாரே தவிர, இருமல் சிரப்பை ஒரு தடவை கூட எழுதவில்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் அந்த மாதம் அறிவுறுத்தியது. செய்தியைப் படித்துவிட்டு என் மகளின் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது டாக்டரின் சீட்டில் ஒன்றில்கூட இருமல் மருந்து இல்லை. அன்றைக்கு அவர் மேல் வந்த நன்றியைச் சொல்லத் தெரியவில்லை.

படிப்பைப் பார்ப்பது சுலபம். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. குழந்தை மருத்துவம், டி.என்.பி., அல்லது டி.சி.எச். என்று இருக்க வேண்டும். சீட்டில் பதிவெண் இருக்கும். சந்தேகமாக இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

தடுப்பூசியில் ஒரு டாக்டரின் மனசு நன்றாகத் தெரிந்துவிடும். ஆறு, பத்து, பதினாலாம் வாரங்களில் போடும், கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நம் பக்கம் புதன்கிழமை போடுவார்கள். பேதிக்கு எதிரான ரோட்டா சொட்டு மருந்தும் அங்கே உண்டு, நிமோனியா தடுப்பூசியும் 2021 முதல் உண்டு. தனியாரில் "வலியில்லாத ஊசி" என்று ஒன்றை விலைக்குப் போடுகிறார்கள். எங்கள் டாக்டர் சொன்னது: "வலிக்கிற ஊசியில ஒரு நாள் காய்ச்சல் வரும், ஆனா கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு அதுலதான் நீண்ட நாள் நிக்கும். புதன்கிழமை அங்கேயே போட்டுட்டு அட்டையை எங்கிட்டக் காட்டுங்க." தன் கிளினிக்கில் போட்டால் அவருக்கு வருமானம். இருந்தும் அங்கே போகச் சொன்னார். டைபாய்டு, சின்னம்மை மாதிரி அரசு அட்டவணையில் இல்லாதவற்றை மட்டும் எது, எதற்கு, எவ்வளவு ஆகும் என்று முன்னாலேயே சொல்லி அவரிடம் போட்டோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், பெரிய ஆஸ்பத்திரியா, பக்கத்து கிளினிக்கா? சாதாரணக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் கப்பலூர் டோல்கேட் தாண்டி மதுரைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். திருமங்கலத்திலேயே மேலே சொன்ன மாதிரி ஒருவரைப் பிடியுங்கள். ஒரே டாக்டர் தொடர்ந்து பார்த்தால்தான் போன மாதம் எடை எவ்வளவு, தலைச்சுற்றளவு எவ்வளவு என்று வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டே வர முடியும். என் மகள் ஒன்பதாம் மாதம் எடை ஏறாமல் நின்றதை அந்தக் கோட்டில்தான் அவர் பார்த்தார், எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சுவிடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போவது, வலிப்பு வருவது மாதிரியான நேரத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் குழந்தை டாக்டர் இருக்கிற இடம் வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரியாக இருக்கலாம், தனியாராக இருக்கலாம், அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரம் பைக்கில் கிளம்பாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு மாதம் இருக்கிறதே, ஒரு சாயங்காலம் நீங்களும் வீட்டுக்காரருமாக அந்த கிளினிக்குக்குப் போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். உள்ளே போகிற ஒவ்வொரு குழந்தையையும் எடை போடுகிறார்களா, வெளியே வருகிற அம்மாக்கள் முகத்தில் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "நீங்க ஊர்ல இல்லாதப்ப நாங்க யார்கிட்டப் போகணும்?" எங்கள் டாக்டர் அதற்குப் பதிலாக ஃபைலின் பின்னட்டையில் இன்னொரு டாக்டரின் பெயரும் நம்பரும் எழுதி, கீழே குழந்தையின் எடைக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவை போகும்போதும் சிஸ்டர் அந்தக் கட்டத்தில் பழைய எடையை அடித்துவிட்டுப் புது எடையை எழுதுகிறார். போன வாரம் 12.4 கிலோ.